சத்திரக்காரனின் பாட்டு

சாந்தா ரீத்தா, குயவர் சந்து
டிசம்பர் 1, 1991

அருமை மருமகள் கசில்தாவுக்கு,

குயவர் சந்தின் பேரரசனும், இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே நீந்தும் சகல வாத்துகளுக்கும் அதிபதியுமான உன் தாய்மாமன் ஃபிலிபெர்த்தோ எழுதும் ஆணை இது.

இங்கே குளிர் கடுமை. நேற்றுக் காலையில் தும்மினேன், பாதி மீசை முறிந்து விழுந்துவிட்டது. உன் அம்மா அம்பாரோ மைதாப் பசை காய்ச்சி ஒட்டினாள். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அதனால்தான் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று உன் அம்மா சொல்கிறாள். காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது இரவு பொசாதாப் பவனியில் கடைசி இரவு இந்த வருஷம் மறுபடி உன் அப்பா வீட்டில். நீ போன பிறகு மூன்று வருஷமும் ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் நடந்தது. அந்த மனிதருக்குக் கொசுவின் தொண்டை. "இடமில்லை, போ" என்று அவர் பாடினால் வெளியே நிற்பவர்கள் பரிதாபப்பட்டு அவருக்கே இடம் கொடுத்துவிடுவார்கள். சந்து மொத்தமும் போய்க் கெஞ்சியதில் உன் அப்பா ஹெனாரோ சம்மதித்துவிட்டார்.

இப்போது சட்டத்தை நினைவூட்டுகிறேன், கவனமாகப் படி. நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அவர் சொன்னது: "இந்த வாசலத் தாண்டிட்டுத் திரும்பி வந்து தட்டுனா, தொறக்க மாட்டேன்." நீ சொன்னது: "தட்டவும் மாட்டேன்." இரண்டும் சத்தியம். ஆனால் பொசாதாவில் யார் கதவைத் தட்டுகிறார்கள்? மாதா, சூசையப்பர் சுரூபங்களைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் தெருவில் நின்று பாடித்தான் இடம் கேட்கிறார்கள். உள்ளே சத்திரக்காரனாக நிற்கும் வீட்டுக்காரன் மூன்று தடவை மறுத்துப் பாடுவான். மூன்றாவது முடிந்ததும் அவன் கதவைத் திறந்தே ஆக வேண்டும். திறக்காத சத்திரக்காரன் ஆதாம் காலம் முதல் இந்தச் சந்தில் இருந்ததில்லை.

ஆக, நீ தட்டாமல் வரலாம். அவர் திறக்காமல் இருக்க முடியாது. இருவர் சத்தியத்துக்கும் ஒரு கீறல் விழாது. இந்த யோசனை எனக்குத் தோன்றியபோது கோவில் மணி தானாக அடித்தது.

பதிலைப் பஸ் டிரைவர் எலியோதோரோவிடம் கொடுத்தனுப்பு. ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் போதும். மருந்துக்கடைக்கு மட்டும் ஃபோன் செய்யாதே. அந்த ஃபோனில் இருமினால்கூட ஊர் முழுக்கக் கஷாயம் காய்ச்சுகிறது.

ஃபிலிபெர்த்தோ


குவாதலஹாரா
டிசம்பர் 5

மாமாவுக்கு,

மேயரின் தொப்பியை ஏரி மீன் விழுங்கி, மறுவருஷம் அதையே போட்டுக்கொண்டு கரைக்கு வந்தது என்று சத்தியம் செய்தவர் நீங்கள். உங்கள் சட்டத்தை நம்பி நான் பஸ் ஏறுவதா?

சட்டம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறப்பதற்கு முன்னால் அவர் மறுத்துப் பாடுவாரே, அதை யோசித்தீர்களா? நீ யாரோ, போ, இங்கே உனக்கு இடமில்லை. இதே சொற்களை இதே வாயால் ராகம் இல்லாமல் ஒரு தடவை கேட்டுவிட்டேன், மாமா. இப்போது மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்று ராகத்தோடு கேட்க வேண்டுமா?

அவர் நடத்தும் ஊர் பேண்டில் முதல் டிரம்பெட் இடத்தை எனக்குத் தராமல் தக்காளிக்காரர் மகனுக்குக் கொடுத்தார். அதற்காக நான் அழவில்லை. அவன் ஊதினால் தக்காளியே அழுகிவிடும் என்று அவருக்கும் தெரியும். "பொம்பளப் புள்ள கன்னத்த உப்பிக்கிட்டு ஊதுனா ஊரு சிரிக்கும்" என்றார், மொத்த பேண்டும் கேட்கும்படி. அவர் ஊதுவதைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் கற்றுக்கொண்டேன்? இங்கே நாங்கள் எட்டுப் பெண்கள் வாசிக்கிறோம். ஒருவரும் சிரிப்பதில்லை.

அம்மாவுக்கு என் முத்தம். குளிரில் கவனமாக இருங்கள், மீதிப் பாதி மீசையாவது தங்கட்டும்.

கசில்தா


சாந்தா ரீத்தா
டிசம்பர் 9

மருமகளே,

நேற்று தலைநகரிலிருந்து கேமராவும் கையுமாக நாலு பேர் பொசாதா பார்க்க வந்தார்கள், வாரக் கணக்கில் முன்கூட்டி. உங்கள் வீட்டு முன் உள்ள கல்தூணைக் காட்டி, சூசையப்பர் கழுதையைக் கட்டிய தூண் இதுதான் என்றேன். தொட்டுக் கும்பிட்டார்கள். கழுதை எங்கே என்று அவர்களில் ஒரு அம்மாள் கேட்டாள். அந்த நேரம் பார்த்து உன் அப்பா வாசலுக்கு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சிரித்தாயா? சிரித்திருந்தால் மேலே படி.

உன் அம்மா உன் அப்பாவோடு நேராகப் பேசி மூன்று வருஷம் ஆகிறது. எல்லாம் கிளி மூலமாகத்தான். "பச்சையம்மா, சூப்பு ஆறுதுன்னு சொல்லு." அவரும் கிளியிடமே, "உப்பு போதும்னு சொல்லு" என்கிறார். கிளிக்கு இப்போது குடும்ப விவகாரம் அனைத்தும் அத்துப்படி. தீர்ப்பு மட்டும் சொல்ல மறுக்கிறது.

ஆனால் மருமகளே, மறுப்புப் பாட்டைப் பற்றி நீ எழுதியது தவறு. அது உன் அப்பாவின் மறுப்பு அல்ல, பெத்லகேம் சத்திரக்காரனின் மறுப்பு. நான் நாற்பது வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். போன தடவை உங்கள் வீட்டில் நடந்தபோது உன் அப்பா மூன்றாவது மறுப்பைப் பாடி முடித்தார். சந்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நாய்கூட வாலை நிறுத்திக்கொண்டு பார்த்தது. அப்புறம் உள்ளே குறுக்குக் கட்டை நகரும் சத்தம். கதவு திறந்தது. உள்ளேயிருந்த விளக்கு வெளிச்சமும் கொய்யாவும் கரும்பும் பட்டையும் கொதிக்கும் ஆவியும் ஒன்றாகத் தெருவில் வந்து கொட்டின. என் பக்கத்தில் நின்ற குடிகாரன் பொன்சியானோ முழங்காலிட்டு, "எனக்கும் சேத்தா தொறந்தீங்க?" என்று கேட்டான். வருஷா வருஷம் பார்க்கிறேன், வருஷா வருஷம் என் முதுகு சிலிர்க்கிறது. அவ்வளவு நேரம் மறுக்காவிட்டால் அந்தக் கதவு அப்படித் திறக்காது.

இதில் மிகை ஏதும் இல்லை. நாயைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

மாமன்


குவாதலஹாரா
டிசம்பர் 13

மாமாவுக்கு,

நேற்று குவாதலூப்பே மாதா நாள். விடிவதற்கு முன்னால் கோவிலில் மாதாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்தபோது கோவிலுக்குள் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெளி முற்றம், படி, தெரு, மரக்கிளை, எல்லா இடத்திலும் ஆட்கள். கிழவர்கள் முதுகில் சட்டம் போட்ட மாதா படத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு அம்மாள் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் நகர்ந்தாள். அவள் மகன்கள் முன்னால் போய்ப் போய்த் தங்கள் சட்டையைக் கழற்றித் தரையில் விரித்தார்கள், அவள் கடந்ததும் எடுத்து மறுபடி முன்னால் விரித்தார்கள்.

நான் டிரம்பெட்டைத் தூக்கினேன். முதல் சுரம் போய் மேல்கூரையைத் தொட்டது. தொட்டதும் அத்தனை பேரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். மாமா, என் மூச்சு எங்கே முடிந்தது, அவர்கள் மூச்சு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கால் தரையில் இருந்ததா என்றும் தெரியவில்லை. இதை நீங்கள் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வாசித்து முடித்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது ஒரே ஒரு எண்ணம்தான். இதை அப்பா கேட்டிருக்க வேண்டும்.

வருகிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள், கிளியிடம்கூட. கூட்டத்தில் பின்னால் நிற்பேன். வாயால் பாட மாட்டேன், வாசிப்பேன். மூன்று மறுப்பையும் பொறுத்துக்கொள்கிறேன். கதவு திறந்தால் உள்ளே வருவேன்.

கசில்தா


குவாதலஹாரா
டிசம்பர் 26

மாமா,

உங்கள் சட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தேன். சந்து முனையில் கூட்டத்தோடு சேர்ந்தேன். ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை, சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள், மிட்டாய் நிரப்பிய பின்யாத்தாப் பானையைக் கட்டித் தொங்கவிட. இரண்டாம் தடவை இடம் கேட்டபோது டிரம்பெட்டை எடுத்தேன். எல்லோரும் திரும்பினார்கள். மெழுகுவர்த்திகளெல்லாம் என் பக்கம் திரும்பின. அவர் மறுத்தார். மூன்றாம் தடவை கேட்டேன், மறுத்தார். சரி, இதோ கட்டை நகரப்போகிறது என்று நின்றேன்.

நகரவில்லை. அவர் மறுபடி மறுத்துப் பாடத் தொடங்கினார்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரர் மனைவி, "மனுசன் எண்ணிக்கைய மறந்துட்டாரோ" என்றாள். சரி, மறந்திருக்கலாம். மறுபடி வாசித்தேன். என் உயிர் மொத்தத்தையும் வைத்து வாசித்தேன். அவர் மறுபடி மறுத்தார், முன்னைவிடப் பலமாக. அப்போது ரொட்டிக்கடை அம்மாள் என் சால்வையை விலக்கிப் பார்த்தாள். "அடிப்பாவி, நீயா" என்றாள். அப்புறம் கதவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, சந்துக்கும் புரிந்துவிட்டது. டிரம்பெட் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை. மாதாவையும் சூசையப்பரையும் சேர்த்துத் தெருவில் நிறுத்தி வைத்தார், எனக்காக.

டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தேன். பஸ் நிலையத்துக்கு நடந்தேன். நான் போகும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

இனி எனக்குக் கதை எழுத வேண்டாம்.

கசில்தா


சாந்தா ரீத்தா
டிசம்பர் 29

கசில்தா,

குளிர் சாதாரணக் குளிர்தான். மீசை முழுதாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

உன் அப்பா கதவுக்குப் பின்னால், கட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றார். முதல் மறுப்பை எப்போதும்போல் பாடினார். அப்புறம் டிரம்பெட் கேட்டது. அவர் கை கட்டையிலிருந்து விழுந்தது. "யாருடா அது?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

இரண்டாம் மறுப்பைப் பாடினார், மூன்றாவதையும் பாடினார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். ஆனால் அவர் கட்டையைத் தொடவில்லை, மறுபடி மறுப்பைத் தொடங்கினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டார். பாடி முடித்ததும் காதைக் கதவுப் பலகையில் வைத்துக்கொண்டார். நீ வாசித்தாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது இது. எனக்கு மட்டும் கேட்டது.

"உச்சத்துல மூச்சு முட்டாம போறா பாருடா. நான் ஒரு நாளும் போனதில்ல."

"மச்சான், கதவத் தொறங்க" என்றேன்.

"தொறந்தா வாசிக்கிறத நிறுத்திருவா. இன்னும் ஒரு தரம்."

இன்னும் ஒரு தரம் மறுத்துப் பாடினார். பலமாகப் பாடியது நீ பலமாகப் பதில் வாசிக்க வேண்டும் என்பதற்காக. கன்னம் நனைந்திருந்தது. சத்திரக்காரன் மறுக்கும்வரை தெருவில் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டேதானே இருக்க வேண்டும், அதுதானே வழக்கம், அந்த வழக்கத்தை நம்பிக் காதைப் பலகையில் வைத்துக் காத்திருந்தார். வெளியே கொஞ்சம் பேர் பாடினார்கள். டிரம்பெட் வரவில்லை. பாட்டும் நின்றது.

திறந்தார். சந்து முழுக்க மெழுகுவர்த்தி. அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. நீ இல்லை. மாதாவையும் சூசையப்பரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். யாரும் வரவேற்புப் பாட்டுப் பாடவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து தெருவைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம்னு இருந்து, புள்ளயப் போக விட்டுட்டீங்க."

இவ்வளவுதான்.

மாமா


குவாதலஹாரா
ஜனவரி 2, 1992

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயமாக இருந்தது. மீன் இல்லை, தொப்பி இல்லை, தானாக அடிக்கும் மணி இல்லை. அப்புறம்தான் புரிந்தது. இத்தனை வருஷத்தில் நீங்கள் சொன்ன பொய்களிலேயே பெரியது இதுதான். அதனால்தான் இதற்கு அலங்காரம் வேண்டியிருக்கவில்லை.

என் வாசிப்பைக் கேட்பதற்காக அப்பா கதவைத் திறக்காமல் நின்றார். அவர் ஒருநாளும் போகாத உச்சத்துக்கு நான் போனேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். அதுவும் அழுதுகொண்டு. மாமா, நீங்கள் அன்புள்ளவர். நான் வருத்தப்படக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அப்பாவை எனக்கும் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். என் பக்கம் நடந்ததை நான் கேட்டேன்.

நம்ப ஆசையாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

கசில்தா


சாந்தா ரீத்தா
ஜனவரி 5, பஸ் கிளம்பும் அவசரத்தில்

மருமகளே,

உன் கடிதத்தை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. அவர் தன் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே போட்டுவிட்டு, "ஆட்ட யானைன்னு சொல்றவன் நீ. உன்ன எவ நம்புவா?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை எழுதினேன், அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வெளிய நிக்கிறவங்க பாட்டு, அது எப்படித் தொடங்கும்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை, கசில்தா. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில், அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர். அவர் தகப்பனும் சத்திரக்காரன், தாத்தாவும் சத்திரக்காரன். ஒருநாளும் தெருவில் நின்று இடம் கேட்டதில்லை.

நாளைக்கு மூன்று ராஜாக்கள் திருநாள். பொசாதாக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். சாமியார் சிரிப்பார் என்றேன், ஊரும் சிரிக்கும் என்றேன். "சிரிக்கட்டும்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன் என்று நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

இந்தக் கடிதமும் உன் அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். எது முதலில் உன் கைக்கு வருமோ தெரியாது.

மாமன்


குவாதலஹாரா
ஜனவரி 7

மாமாவுக்கு,

கடிதம்தான் பின்னால் வந்தது. எலியோதோரோ அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நேற்றுக் காலை பத்து மணி. திருநாளுக்கான ராஜாக்கள் ரொட்டியை வெட்ட எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கார அம்மாள் எதெல்வீனா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யாரோ கிறுக்கன் வெயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு நிக்கிறான்" என்றாள். அப்புறம் பாட்டுக் கேட்டது.

மாமா, இதை எப்படி எழுதுவது. அப்பாவின் குரல் உங்களுக்குத் தெரியும், சந்தையே அடங்கும். அந்தக் குரலில் பாடவில்லை. தணிந்து, மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாட்டை அவர் வாழ்நாள் முழுக்கக் கதவு வழியாகத்தான் கேட்டிருக்கிறார். கேட்டது எப்படியோ அப்படியே பாடினார், மரப்பலகை வழியாக வருவதுபோல. நடுவில் வரி மறந்து நின்றார். பக்கத்தில் அம்மா மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பழம் விற்கிறவன் வண்டியை நிறுத்தினான். புது பொம்மைகளோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள் நின்றார்கள். எதிர் வீட்டுக் கிழவர் உள்ளே போய்த் தானும் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார், அப்புறம் இன்னொருவர். பட்டப்பகலில், கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு, அந்தத் தெரு முழுக்கச் சுடர்கள். வெயிலில் சுடர் தெரியவில்லை, அதைப் பிடித்திருந்த கைகள்தான் தெரிந்தன.

எங்கள் பெண்கள் எட்டுப் பேரும் கதவுக்குப் பின்னால் வந்து நின்றோம். நான்தான் மறுக்க வேண்டும். என் குரலை மற்றவர்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். முதல் மறுப்பைப் பாடினேன். அவர் மறுபடி கேட்டார். இரண்டாவதைப் பாடினேன். கேட்டார். மூன்றாவதைப் பாடி முடித்தேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. திறக்கவில்லை. அப்பா என்னிடம் இடம் கேட்கிறார், என் வாழ்க்கையில் முதல் தடவை. திறந்தால் நின்றுவிடும். யோசிக்காமலேயே இன்னொரு தரம் மறுத்துப் பாடினேன். பாடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கடிதம் முழுவதும், ஒவ்வொரு வரியும், உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயம் பிடித்துக்கொண்டது. அப்பா இப்போது நிற்பதுபோல் தெருவில் நின்று அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் வந்தது. பாட்டை முடித்துவிட்டுப் பலகையில் காதை வைத்தேன்.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் அவர் தொண்டையைச் செருமினார். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

நான் போனேன், மாமா. அவர் போகவில்லை. கதவைத் திறந்தேன்.

உங்கள் மருமகள்
கசில்தா